விதையில் ஒளிந்துவரும் வியாதிகளும் இயற்கை முறை விதை நேர்த்தியும்

சோளம் கதிர் வாங்கி மணி பிடிக்குந் தருணத்தில் வரப்பின்மேல் நின்று பார்க்கும் குடியானவருக்குப் பயிரில் யாதொரு குறையும் தோன்றாது. தட்டை உயரமாகவும் தோகை பசுமையாகவும் இருக்கும். கதிரைக் கையில் பிடித்து உற்று நோக்கும்போதுதான், மணி இருக்கவேண்டிய இடத்தில் அழுக்கு வெண்மையான சிறு பைகள் இருப்பதையும், அவற்றை நசுக்கினால் கரித்தூள் கொட்டுவதையும் காண்பார். கதிருக்குப் பூட்டை என்று பெயர் வழங்கும் பிரதேசங்களில் இவ்வியாதியைக் கரிப்பூட்டை என்று அழைப்பது எவ்வளவு பொருத்தம் என்பதும் அப்பொழுதே விளங்கும். அன்று மாலையே எங்களைத் தேடி வந்து, "ஐயா, இதற்கு என்ன மருந்து தெளிக்கலாம்?" என்று கேட்பார்.

தெளிப்பதற்கு மருந்து ஒன்றுமில்லை. இப்பதிலைச் சொல்வது எனக்கு ஒருபோதும் எளிதாக இருந்ததில்லை. வியாதி அவர் கண்ணில் பட்டது அன்றுதான். ஆனால் பயிரைப் பிடித்தது, விதை முளைத்து மண்ணுக்கு மேலே தலைகாட்டுவதற்கு முன்பே. அதற்கும் முன்னால், சென்ற அறுவடையின்போது அவருடைய களத்திலேயே அது விதையில் ஒட்டிக்கொண்டது. ஆகையால் இதைத் தடுக்கக்கூடிய நாள் விதைப்பதற்கு முந்திய நாள் ஒன்றேயாகும்.

விதை நேர்த்தியைப் பற்றி இக்காலத்தில் பலரும் பலவிதமாகச் சொல்லுகின்றனர். இயற்கை விவசாயத்தில் ஈடுபட்டுள்ளவர்களுள் சிலர், கோமூத்திரத்தில் நனைத்துவிட்டால் எல்லா வியாதியும் தீர்ந்துவிடும் என்று நம்புகின்றனர். வேறு சிலரோ, ஒரு தடவை செய்து பார்த்துப் பலன் காணாமையால், இவையெல்லாம் வீண் வேலை என்று கைவிட்டுவிடுகின்றனர். இரண்டும் தவறு. வியாதியின் வித்து விதைக்கு வெளியே ஒட்டியிருக்கின்றதா, விதையோடு விதையாகக் கலந்திருக்கின்றதா, விதைக்கு உள்ளே கருவில் புகுந்திருக்கின்றதா, அல்லது விதையிலேயே இல்லாமல் மண்ணிலோ காற்றிலோ இருக்கின்றதா என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அதை அறிந்தபின் எந்த நேர்த்தி உதவும், எது உதவாது என்பது தானே விளங்கிவிடும்.

களத்தில் நடப்பது

சோளத்தின் மணிக்கரிப்பூட்டையை முதலில் எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன ஒவ்வொரு பையினுள்ளும் இருக்கும் கரித்தூள், பூதக்கண்ணாடியில் பார்த்தால், எண்ணிறந்த நுண்ணிய வித்துக்களின் திரளாகும். இவை பூசணத்தின் வித்துக்கள். வயலில் நிற்கும்வரையில் பையின் தோல் பெரும்பாலும் உடையாமல் இருப்பதால், வியாதி அங்கே அதிகமாகப் பரவுவதில்லை. கதிரைக் களத்தில் போட்டு அடிக்கும்போதுதான் பைகள் உடைந்து, தூள் பறந்து, நல்ல மணிகள்மேல் படிகின்றது. நூறு நல்ல கதிர்களுக்கிடையே நாலைந்து கரிக்கதிர்கள் கலந்திருந்தாலும் போதும். அந்தக் களத்து விதை முழுவதும் கெட்டதாகவே கொள்ள வேண்டும். பொதுக்களத்தில் ஒருவர் அடித்தபின் மற்றொருவர் அடித்தால், முன்னவருடைய வியாதி பின்னவருடைய விதைக்கும் வந்து சேரும். தற்காலத்தில் ஊர் ஊராகச் செல்லும் கதிரடிக்கும் இயந்திரங்களும் இதே உபகாரத்தைத் தாராளமாகச் செய்கின்றன.

இவ்வாறு ஒட்டிய வித்துக்கள், விதை உலர்ந்திருக்கும்வரையில் பல ஆண்டுகள் உயிரோடு தூங்கிக்கிடக்கும். விதையை மண்ணில் இட்டு ஈரம் பட்டதும், விதை முளைக்கும்போதே அவையும் முளைத்து, இளங்குருத்தைத் துளைத்து உட்புகுகின்றன. அதன்பின் பூசணம் பயிரோடு பயிராக வளர்ந்து, குருத்தின் நுனியைப் பின்தொடர்ந்து சென்று, கதிர் உண்டாகும்போது மணிகளின் ஸ்தானத்தைக் கைப்பற்றிக்கொள்கின்றது. வெளியே தெளிக்கும் எந்த மருந்தும் அதை அங்கே எட்டாமைக்கு இதுவே காரணம்.

இவ்வியாதி ஒருவகைக் கரித்தூளால் தொற்றுகின்றது என்பதைக் கோதுமையில் முதன்முதல் பரீட்சை செய்து காட்டியவர் பிரான்சு தேசத்துத் தில்லே என்பவர், ஆண்டு 1755. அதே தேசத்தில் 1807-ல் பிரெவோ என்பவர், செம்புப் பாத்திரத்திலிருந்த நீரில் அவ்வித்துக்கள் முளைக்கவில்லை என்பதைத் தற்செயலாகக் கவனித்தார். மயில்துத்தக் கரைசலில் விதையை நனைக்கும் வழக்கத்திற்கு அடிகோலியது அதுவே. பின்னர் பாதரசம் சேர்ந்த பொடிகள் வந்தன. அவை வியாதியை நன்றாகவே அடக்கின. ஆனால் 1971-72-ல் ஈராக் தேசத்தில், பாதரச நேர்த்தி செய்து விதைக்காக அனுப்பப்பட்ட கோதுமையையும் பார்லியையும் குடிகள் ரொட்டி செய்து உண்டுவிட்டனர். ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்கள் 6,000-க்கு மேற்பட்டோர். அவர்களுள் மாண்டோர் 459 பேர். விதைக்கும் தானியமும் உண்ணும் தானியமும் ஒரே குதிரில் இருக்கும் நம்போன்ற தேசங்களில், விஷமற்ற நேர்த்தியை நாடுவது வெறும் கொள்கைப் பிடிவாதமன்று என்பதற்கு இது போதிய சாட்சி.

நால்வகைக் கரிப்பூட்டை

என் அனுபவத்தில் நேர்ந்த ஒரு தவறை இங்கே ஒப்புக்கொள்கிறேன். உத்தியோகத்தில் சேர்ந்த சில ஆண்டுகளுக்குள், ஒரு கிராமத்துக் கூட்டத்தில், "இந்த நேர்த்தியைச் செய்தால் அடுத்த போகத்தில் கரிப்பூட்டையே இராது" என்று வாக்குக் கொடுத்து, நானே கூட இருந்து ஒரு பெரியவருடைய விதைக்குக் கந்தகப்பொடி கலந்து கொடுத்தேன். அடுத்த போகத்தில் அவர் வயலில் முன்போலவே கருப்புக் கதிர்கள். நாலுபேர் முன்னிலையில் அவர் ஒரு கதிரை என் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நின்றார். அக்கதிரைக் கையில் வாங்கிப் பார்த்தபின்தான் என் பிழை தெரிந்தது. அது மணிக்கரிப்பூட்டையன்று, தலைக்கரிப்பூட்டை. முந்திய போகத்தில் வயலுக்குள் இறங்கிக் கதிரைப் பார்க்காமல், "கரிப்பூட்டை" என்று அவர் சொன்ன ஒரு சொல்லைக் கொண்டே நான் சிகிச்சை கூறிவிட்டேன்.

சோளத்தில் கரிப்பூட்டை நான்கு வகைப்படும். மணிக்கரிப்பூட்டையில் கதிரின் உருவம் மாறுவதில்லை. மணிகள் மட்டும் பைகளாகின்றன. இரண்டாவது, உதிரிக்கரிப்பூட்டை, இது பிடித்த பயிர் குட்டையாகவும் மெலிந்தும், மற்றவற்றிற்கு முன்னதாகவே கதிர் வாங்கியும் நிற்கும், பைகள் சீக்கிரத்தில் உடைந்து, நடுவில் கரிய குச்சி போன்ற பாகம் நீண்டு தெரியும். இவ்விரண்டின் வித்துக்களும் விதையின் வெளிப்புறத்தில் ஒட்டி வருபவை. ஆகவே இவ்விரண்டிற்கும் விதை நேர்த்தி பூரணமான பலன் அளிக்கும்.

தலைக்கரிப்பூட்டையில் கதிர் முழுவதுமே ஒரே பெரிய பையாகிவிடும். அதன் வெண்ணிறத் தோல் கிழிந்தபின் கரித்தூளும், அதற்கிடையே நூல்போன்ற நார்களும் காணப்படும். இதன் வித்துக்கள் காற்றில் பறந்து நிலத்தில் விழுந்து, மண்ணிலேயே தங்கி அடுத்த பயிரைப் பிடிக்கின்றன. விதையை எவ்வளவு சுத்தம் செய்தாலும் நிலம் சுத்தமாவதில்லை யன்றோ? நான்காவதான நீள்கரிப்பூட்டையில், கதிரில் ஆங்காங்கே சில மணிகள் மட்டும் நீண்டு சற்று வளைந்த குழல்களாக மாறியிருக்கும். அது பூக்குந் தருணத்தில் காற்றின் வழியாக வருவது; அதற்கும் விதை நேர்த்தியால் பயனில்லை. இப்பின்னிரண்டிற்கும், தூள் பறக்குமுன் கதிரைத் துணிப்பையால் மூடி அறுத்துக் கொதிநீரில் அமிழ்த்துவதோ எரிப்பதோ செய்து, அந்நிலத்தில் சோளத்தின்மேல் சோளம் விதைக்காமல் பயறு, பருத்தி முதலிய வேறு பயிரை மாற்றுவதே வழி. அப்பெரியவர் நிலத்தில் பின்னர் அவ்வாறே செய்தோம்.

ஆதலால், விதை நேர்த்தி செய்தும் கரிப்பூட்டை வந்தது என்று சொல்லுகின்றவர்கள், தயைசெய்து ஒரு கதிரைக் கொண்டுவந்து காட்ட வேண்டுகிறேன். தூள் சிந்தாதவாறு காகிதத்தில் மடித்துக் கொண்டுவருதல் நலம்.

சோள விதைக்குச் செய்ய வேண்டுவன

முதலாவது, விதைக்கென்று கதிர்களை வயலிலேயே தெரிந்தெடுத்தல். அறுவடைக்கு முன் வயலைச் சுற்றிவந்து, வியாதியே காணப்படாத ஒரு பாகத்தில் நல்ல கதிர்களைக் கொய்து, பொதுக்களத்திற்குக் கொண்டுபோகாமல் வீட்டு முற்றத்தில் தனியாகத் தட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஏக்கருக்குச் சில கிலோ விதையே தேவையாகையால் இதில் பெரிய சிரமம் ஒன்றுமில்லை. வீட்டுப் பெண்மக்கள் ஒரு பிற்பகலில் முடித்துவிடக்கூடிய வேலை. நான் அறிந்த மட்டில் இதற்கு மேலான நேர்த்தி வேறில்லை. பணச் செலவும் இல்லை. எனினும் மிகக் குறைவான பேர்களே இதைச் செய்கின்றனர்.

இரண்டாவது, கந்தகம். நிலத்திலிருந்து கிடைக்கும் இத்தாதுப்பொருளை இயற்கை விவசாய விதிகள் அனுமதிக்கின்றன. எனினும் அத்தாட்சி பெற்ற நிலமுடையோர் தம் அத்தாட்சி நிறுவனத்தாரைக் கேட்டுக்கொண்டு உபயோகிப்பது நன்று. மாவினும் மெல்லிய பொடியாக இருத்தல் அவசியம். கடைச் சரக்கான கட்டிக் கந்தகத்தை இடித்துப் போட்டால் விதையில் ஒட்டாது. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் பொடி போதுமானது. ஒரு மண்பானையில் மூன்றில் இரண்டு பாகம் உலர்ந்த விதையை இட்டு, பொடியைத் தூவி, வாயைத் துணியால் இறுகக் கட்டி, பத்து நிமிஷநேரம் உருட்டியும் குலுக்கியும் கலக்க வேண்டும். ஒவ்வொரு மணியின்மீதும் மஞ்சள் நிறம் மெல்லியதாகப் படிந்திருப்பதே அடையாளம். கண்ணிலும் மூக்கிலும் படாதவாறு மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். மீந்த விதையைச் சமையலுக்கோ கோழிக்கோ கொடுத்தல் கூடாது.

நேர்த்தி செய்தபின் விதையைப் பழைய கோணியில் கொட்டுபவர்கள் உளர். சென்ற ஆண்டு கரித்தூள் படிந்த கோணி அதுவானால், வாசலில் வழியனுப்பிய வியாதியைக் கொல்லைப்புறமாக உள்ளே அழைத்ததாகும். கோணியைக் கொதிநீரில் அலசி வெயிலில் உலர்த்திக்கொள்ள வேண்டும். புதிய துணிப்பையே ஆனால் இன்னும் விசேஷம்.

இனிக் கோமூத்திரத்தைப்பற்றி. நம் முன்னோர்கள் விதையைக் கோமூத்திரத்திலும் சாணிக்கரைசலிலும் நனைத்து உலர்த்தி விதைத்தனர். பருத்திவிதையைச் சாணியில் உருட்டி விதைப்பதை இன்றும் காணலாம். இயற்கை விவசாயிகள் இப்பொழுது தயாரிக்கும் பீஜாமிர்தமும் இவ்வழியில் வந்ததே. 20 லிட்டர் நீருக்குச் சாணம் 5 கிலோ, கோமூத்திரம் 5 லிட்டர், சுண்ணாம்பு 50 கிராம், ஒரு கைப்பிடி நல்ல மண் என்பது அதன் பொதுவான அளவு. விதையை நன்றாகக் கழுவி, பத்துப் பங்கு நீர் சேர்த்த கோமூத்திரத்தில் சற்று நேரம் நனைத்து நிழலில் உலர்த்தி விதைத்த வயல்களில், முளை செழிப்பாக எழுந்ததை நான் கண்டிருக்கிறேன். ஆயினும் முந்திய போகத்தில் மணிக்கரிப்பூட்டை கண்ணில் பட்ட விதைக்கு, இது ஒன்றையே நம்பியிருக்கும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அங்கே கந்தகமே தகுதி. நீர் சேர்க்காத கோமூத்திரத்தில் இரவு முழுவதும் ஊறவைத்து, முளைப்பு பாதிக்குமேல் கெட்டுப்போன விதையைக் கொண்டுவந்து காட்டியவர்களும் உண்டு. இயற்கைப் பொருளாயினும் அளவு தப்பினால் தீமை தீமையே.

கம்பில் தேன் ஒழுகல்

கம்பில் வேறொரு வியாதி. மழைமூட்டமான நாட்களில் கம்பு பூக்கும்போது, கதிரிலிருந்து தேன்போன்ற பிசின் துளிகள் வடியும். பின்னர் மணிகளின் இடத்தில் சில கரிய கெட்டியான கட்டைகள் தோன்றும். இவை மணியோடு சேர்ந்தே களத்தில் உதிர்ந்து விதையில் கலந்துவிடுகின்றன. இங்கே வியாதி விதைமேல் ஒட்டியதுமன்று, விதைக்குள் புகுந்ததுமன்று. விதையோடு விதையாகக் கலந்த வேறு பொருள். ஆகவே பொடி எதுவும் இதற்குப் பயன்படாது, பிரித்தெடுப்பதே வழி.

பத்து லிட்டர் நீரில் ஒரு கிலோ கறியுப்பைக் கரைத்து, அதில் விதையைக் கொட்டிக் கையால் கலக்கினால், நல்ல மணிகள் அமிழும். கட்டைகளும் பதர்களும் மிதக்கும். மிதப்பவற்றை அரிப்பால் அள்ளிவிட்டு, அமிழ்ந்த விதையை உப்பின் சுவை போகுமட்டும் இரண்டு மூன்று தடவை நல்ல நீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். அலசாமல் விட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும். அள்ளியெடுத்தவற்றை எரித்துவிட வேண்டும். மாட்டுத்தொட்டியில் கொட்டிவிடுதல் பெருந்தவறு. அக்கட்டைகளில் மனிதருக்கும் கால்நடைகளுக்கும் ஆகாத நஞ்சு உண்டு. 1975-ல் இராஜஸ்தானத்தில் இவை கலந்த கம்பை உண்டவர்களுக்கு வாந்தியும் மயக்கமும் உண்டாயின. ஆகவே, உண்ணும் கம்பிலும் கரிய கட்டைகள் காணப்பட்டால் இதே உப்புநீர் முறையால் நீக்கிக்கொள்வது குடும்ப க்ஷேமத்திற்கும் உகந்தது.

விதையைச் சுத்தம் செய்தபின்னும் பக்கத்து வயலிலிருந்து மழைத்துளியாலும் பூச்சிகளாலும் இவ்வியாதி வந்து சேரலாம். ஊரார் பலரும் சேர்ந்து செய்தால்தான் முழுப்பலன் கிட்டும்.

நெல்லும் கோதுமையும்

நெல்லுக்கு உப்புநீரில் முட்டையை மிதக்கவிட்டுப் பார்க்கும் முறை நம்மவர்கள் பலருக்குந் தெரிந்ததே. புதிய கோழிமுட்டை நீர்மட்டத்திற்கு மேலே ஒரு சிறு நாணய அளவு தெரியும்படி மிதக்கும்வரையில் உப்பைக் கரைத்து, அதில் அமிழும் நெல்லை மாத்திரம் விதைக்குக் கொள்ள வேண்டும். கனமில்லாத மணிகளில் செம்புள்ளி முதலிய வியாதிகளின் வித்துக்கள் அதிகமாக இருப்பதால், அவை ஒழிவதே ஒரு நன்மை. இதன்பின், சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிரின் பொடியை ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் ஒரு லிட்டர் நீரில் கரைத்து, அதில் ஓரிரவு ஊறவைத்து முளைகட்டலாம். இது உயிருள்ள பொருளாகையால் பொட்டலத்தின் தேதியைப் பார்த்து வாங்குவதும், வெயில் படாமல் வைப்பதும் முக்கியம். காலங்கடந்த பொட்டலம் வெறும் சுண்ணத்தூளுக்குச் சமானம்.

நாற்றங்காலில் சில நாற்றுக்கள் மட்டும் வெளிறி அளவுக்குமீறி நெட்டையாக வளரும் வியாதி சில இடங்களில் காணப்படுகின்றது. அதன் பூசணம் விதைக்குள்ளும் இருக்கும். ஜப்பானியக் குடியானவர்களுள் பலர், உலர்ந்த நெல்லை 60 டிகிரி வெந்நீரில் 10 நிமிஷம் வைத்து, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றி இதைத் தடுக்கின்றனர். குலைநோயோ எனில், நேர்த்தி செய்த விதையானாலும் காற்றின்வழி பின்னர் வந்து சேரக்கூடியது. இளநாற்றைக் காக்கும் அளவே இங்கே விதை நேர்த்தியிடம் எதிர்பார்க்கலாம்.

கோதுமை நம் பக்கத்தில் சொற்பமே. எனினும் விதையின் கருவுக்குள்ளேயே புகுந்துவிடும் வியாதிக்கு அதன் உதிரிக்கரிப்பூட்டை சிறந்த உதாரணம். வெளியில் பூசும் கந்தகம் அதைத் தொடுவதேயில்லை. வெப்பம் ஒன்றே உள்ளே எட்டும். 52 முதல் 54 டிகிரி வெந்நீரில் சுமார் 10 நிமிஷம் வைப்பது பழைய முறை. பூசணம் சாகும் சூட்டிற்கும் விதை சாகும் சூட்டிற்கும் இடைவெளி மிகச் சிறிது. உஷ்ணமானி இன்றி விரலால் தொட்டுப் பார்த்துச் செய்பவர்கள் விதையை இழப்பர். இச்சங்கடத்திற்கு 1930-களில் லயால்பூரில் (இன்று பாகிஸ்தானத்தைச் சேர்ந்த பைசலாபாத்) லூத்ரா என்னும் விஞ்ஞானியார் கண்ட பரிகாரம் அழகானது. கோடைக்காலத்தில், மேகமற்ற நாளில், விதையைக் காலையில் நான்கு மணிநேரம் நீரில் ஊறவைத்து, உச்சிப்பொழுது முதல் மாலைவரை மெல்லியதாகப் பரப்பி வெயிலில் காயவைத்தல். ஊறிய ஈரத்தால் விழித்துக்கொண்ட பூசணம், பஞ்சாபின் கடும் வெயிலைத் தாங்காமல் மடிகின்றது. அடுப்பும் வேண்டாம், உஷ்ணமானியும் வேண்டாம்.

எந்த நேர்த்தியைச் செய்தாலும், விதைப்பதற்கு ஒரு வாரத்திற்குமுன் நூறு விதைகளை ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து முளைப்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சோளத்திலும் கம்பிலும் 75-க்குக் குறைந்தாலும், நெல்லில் 80-க்குக் குறைந்தாலும் அவ்விதையை நம்பவேண்டாம்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். கரிக்கதிர் காணப்பட்ட வயல்களின் சோளத்தைப் பொதுக்களத்தில் கடைசியாக அடிக்கும்படியும், அடித்தபின் களத்தையும் இயந்திரத்தையும் பெருக்கித் துடைத்துக் குப்பையை எரிக்கும்படியும் ஊரார் கூடி ஓர் ஏற்பாடு செய்துகொள்ளத் தாங்கள் முன்னின்று உதவலாம். இதில் யாருக்கும் அவமானம் என்று கொள்ள இடங்கொடுத்தல் கூடாது. வியாதி உள்ளவர் மறைத்துவிட்டால் மற்ற அனைவருடைய விதையும் கெடும். விதையை இரவல் வாங்குபவர்களும், அது எந்தக் களத்தில் அடிக்கப்பட்டது என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்குவார்களாக. அறுவடைக்கு முன்னரே செய்தி அனுப்பினால், வயல்களைச் சுற்றிப் பார்த்து இன்னவகைக் கரிப்பூட்டை என்று சொல்ல நான் நேரில் வருவேன்.